கைராசிக்காரர் செய்த ரீஸ்டோர்

எங்கள் மேனேஜரின் தலையைப் பார்த்தாலே ஆபீஸில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வார். முடி காதைத் தொட்டால் அடுத்த ப்ராஜெக்ட் பாதி நடந்திருக்கிறது என்று அர்த்தம். திருப்பதியில் மொட்டைத் தலை ஒன்றும் அதிசயம் இல்லை, தெருவில் நடந்தால் சந்தனம் பூசிய தலைகள்தான் எதிரே வரும். ஆனால் அவர்கள் எல்லாம் சாமிக்கு முடியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் ஊருக்குப் போகிறவர்கள். எங்கள் ஆள் ஆபீஸுக்கு வந்து ஒவ்வொரு மேஜையாக நின்று, "இன்னா மேடம், பாத்தீங்களா, இன்னொன்னு முட்சாச்சு" என்று தலையைத் தடவிக் காட்டுவார். முடித்தது யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆபீஸில் இருக்கிற அத்தனை பேர் பெயரும் சொல்ல வேண்டி வரும், அவர் பெயர் மட்டும் அதில் வராது.

நான் சித்தூர்க்காரி. தினமும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய் வருகிறேன். ஃபேக்டரிக்குள் ஓடும் குழாய்களை, ஃபேக்டரி கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் முழு உருவமாகக் கட்டிக் காட்டுவது எங்கள் ஆபீஸின் தொழில். அதை மாடல் என்போம். எந்தக் குழாய் எந்தச் சுவரைத் தாண்டும், எங்கே வளையும், எந்த வால்வு எந்த உயரத்தில் நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லா ஃபேக்டரிகளின் மாடல்களும் ஒரே டேட்டாபேஸில்தான் கிடக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான் அது. ஆளுக்கு ஒரு அறை உண்டு, குழாயடி மட்டும் எல்லோருக்கும் பொது. எங்கள் குழாயடிக்குப் பெயர் கேட்டலாக். வால்வு, வளைவு, மூடி என்று எல்லாச் சாமானும் அதில் இருக்கும், எல்லோரும் அங்கிருந்துதான் தங்கள் மாடலுக்கு எடுப்பார்கள். அதில் ஒருவர் கை வைத்தால் எல்லோர் வீட்டுத் தண்ணீரும் கலங்கும்.

வேலை முடிந்த ப்ராஜெக்டை அங்கேயே விட்டுவைத்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அதை எடுத்து வேறு டிஸ்கில் வைப்போம். ஆர்கைவ் என்று பெயர். எங்கள் ஆபீஸ் பாஷையில் மூட்டை கட்டுவது. திரும்பத் தேவைப்பட்டால் பிரிப்போம், அது ரீஸ்டோர். கட்டுவது சுலபம், பிரிப்பதில்தான் வம்பு. மூட்டைக்குள் அந்தக் காலத்துக் கேட்டலாக்கும் சேர்ந்து கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் பழையது புதியதன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் ஒதுக்குப்புறமாக இன்னொரு மெஷினில் முதலில் பிரித்துப் பார்த்து, வேண்டியதை மட்டும் பொறுக்கி, சாயந்திரம் எல்லோரும் வெளியேறிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸுக்குள் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெரிய மூளை தேவையில்லை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். மேனேஜருக்குப் பொறுமை இல்லை. அதற்குப் பதிலாக அவரிடம் பஞ்சாங்கம் இருந்தது.

ஃபோனிலேயே வைத்திருப்பார். ராகுகாலம், எமகண்டம் போதாது என்று தெலுங்குப் பஞ்சாங்கத்தில் வர்ஜியம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் எதையும் தொடங்கக்கூடாது, அதுவும் தினம் ஒரே நேரத்தில் வராது. அதைப் பார்த்துத்தான் எங்கள் ஆபீஸில் ஃபைல் போகும், ஆள் சேர்ப்பார்கள், பிரிண்டருக்கு மை மாற்றுவார்கள். வெள்ளிக்கிழமையானால் சர்வர் பெட்டிக்குக் குங்குமம். அது உள்ளே போய் விசிறி இரும ஆரம்பித்தது. "சார், குங்குமம் ஃபேனுக்குள்ள போவுது" என்றேன். "சாமி குங்குமத்தால ஃபேன் கெடுமா மேடம்?" என்று கேட்டார். கெட்டது. புது விசிறி வரவழைத்து மாட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தது, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அலிபிரியிலிருந்து மலைக்குப் படியேறிப் போனவள். ஆனால் சாமிக்கு வேறு வேலை இல்லையா, எங்கள் சர்வரை வந்து பார்த்துக்கொண்டிருக்க?

பஞ்சாங்கத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய கைராசியைப் பொறுக்க முடியாது. எதைத் தொடங்கினாலும் முதல் தட்டு தன் கையால் தட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒரு முறை அவர் தொடங்கிவைத்த ப்ராஜெக்ட் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், அதிலிருந்து அந்த வலது கைக்கு ஏக மரியாதை. இரவெல்லாம் கண்விழித்து முடித்தவர்களின் கைகளுக்கு ராசி இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் காண்ட்ராக்டில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். ஊர் குடிபாலாப் பக்கம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சித்தூர் வந்து என்னோடு பஸ் ஏறுவாள். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, என்னோடேயே சண்டை பிடிக்கும் வாய். "அக்கா, டெய்லி இதே புளிசாதம் துன்னுகினு எப்டி உயிரோட கீறீங்க?" என்று என் டப்பாவைப் பார்த்துச் சிரிப்பாள், பிறகு பாதியை அவளே தின்பாள். புருஷனுக்கு வேலூரில் வேலை, பிள்ளை இரண்டாவது படிக்கிறது. பெங்களூர், சென்னை என்று கிளம்ப முடியாதவள்.

எங்கள் ஆபீஸில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு விதி உண்டு. தன் பெயரில் ஒரு முழு மாடல் செய்து, அது ஃபேக்டரிக்காரர்களின் ரிவ்யூவில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ப்ராஜெக்டோடு அவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இவளுக்கு முந்தி இருந்தவர்கள் அப்படித்தான் போனார்கள். நாயுடுபேட்டைப் பக்கம் வரப்போகிற ஒரு பழச்சாறு ஃபேக்டரியின் மாடல் இவள் கைக்கு வந்தது. வருஷக் கணக்கில் உட்கார்ந்து கட்டினாள். எந்தக் குழாயைத் தட்டினாலும் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் அவள் பெயர் வரும். நம்பி ஒரு ஆளுக்கு வேலை கொடுப்பதற்கு அந்த ஒற்றை வரிதான் ஆதாரம். ரிவ்யூவும் நெருங்கிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். எங்களிடம் முன்பு மாடல் செய்தவர்கள், இப்போது ஃபேக்டரியைப் பெரிதாக்கப் போகிறார்களாம். பழைய மாடலை மூட்டை கட்டி வைத்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது, பிரிக்க வேண்டும். நான் சொன்னேன்: "சார், நான் தனி மெஷின்ல பிரிச்சிப் பாத்துடறேன். நாளைக்குச் சாயந்திரம் எல்லாரும் போனதுக்கப்புறம் உள்ள கொண்டாந்துடலாம்."

மேனேஜர் ஃபோனை எடுத்தார். கட்டைவிரலால் தள்ளினார். உதட்டைப் பிதுக்கினார்.

"நாளைக்குச் சாயந்திரம் வர்ஜியம் கீது மேடம். காலையிலதான் மஞ்சி டைம், நல்ல நேரம். நாஷ்டா முட்சிகினு வந்ததும் பண்ணிடலாம்."

"காலையில எல்லாரும் உள்ள வேல பாத்துக்கினு இருப்பாங்க சார்."

"இருக்கட்டும். பத்து நிமிஷம் சும்மா குந்தச் சொல்லுங்க."

"குந்துறது இல்ல சார் பிரச்சன. பழைய கேட்டலாக் மேல ஏறிடும். நாயுடுபேட்ட மாடலும் அதே மாதிரி குழா, அதே மாதிரி வால்வு. அதோட தலையிலதான் விடியும்."

"மேடம், நீங்க நல்ல வார்த்தயே பேச மாட்டீங்களா?" என்றார்.

கரடியாகக் கத்தினேன். ஓடுகிற டேட்டாபேஸ் என்றால் என்ன, பொதுவில் இருப்பது என்றால் என்ன என்று வெண்டைக்காய் வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "அதெல்லாம் பர்வாலேது, என் கையால ஸ்டார்ட் பண்ணா ஒன்னும் ஆவாது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்னால் மொத்த டேட்டாபேஸுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தேன். என் வேலையில் இருக்கிற யாரும் செய்கிற காரியம்தான் அது, சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

நாஷ்டா முடித்துக்கொண்டு மேனேஜர் வந்தார். சர்வர் அறை வாசலில் தேங்காய் உடைத்தார். சூடம் ஏற்றினார், ஏசி காற்றில் அணைந்தது, திரும்ப ஏற்றினார். எல்லோரும் வேலையை விட்டு எழுந்து வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். தேங்காய்த் துண்டு கைக்குக் கை போனது. பாதிப் பேர் டேட்டாபேஸை விட்டு வெளியேறாமலே எழுந்து வந்திருந்தார்கள். குடிபாலாப் பெண் மட்டும் எல்லாவற்றையும் சேமித்து, ஒழுங்காக வெளியேறிவிட்டு வந்து நின்றாள்.

மேனேஜர் தன் லாகினில்தான் நுழைந்தார். ராசி கைக்கு மட்டும் இருந்தால் போதாது, பெயருக்கும் வேண்டுமாம். மாம்பழக்கூழ் மூட்டையைத் தேர்ந்தெடுத்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது: ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதலாமா? நான் "சார், வேணாம்னு குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'ஆம்' என்று தட்டிவிட்டார். ஏன் சார் என்றால், "மொதல் வார்த்தை இல்லன்னு சொல்லக்கூடாது மேடம்" என்றார்.

அட கடவுளே, ஒரு கம்ப்யூட்டர் கேள்விக்கு மங்களகரமாகப் பதில் சொல்கிற மனுஷனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ரீஸ்டோர் முடிந்தது. "அய்போயிந்தி!" என்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அரை மணி நேரத்தில் ஒவ்வொரு மேஜையாகப் புலம்பல் கேட்டது. சிலருக்குக் காலை வேலை போயிற்று, சிலருக்கு எதுவும் திறக்கவில்லை. அதெல்லாம் சாயந்திரத்துக்குள் சரியாகும் ரகம். குடிபாலாப் பெண் கூப்பிட்டது வேறு குரல்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க."

போனேன். தன் மாடலில் ஒரு குழாயைத் தட்டினாள். உருவாக்கியவர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயர். இன்னொன்றைத் தட்டினாள், அதிலும் அவர் பெயர். கூரை, தரை, மூலை என்று எங்கே தட்டினாலும் அவர்தான் இருந்தார். பழைய கேட்டலாக் ஏறியதும் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சாமானும் புதிதாக உருவானதாகவே கணக்காகி, அப்போது உள்ளே இருந்த லாகினின் பெயர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தக்காரரும் அவரே ஆகிவிட்டார். சொந்தக்காரர் தவிர வேறு யாரும் மாடலில் கை வைக்க முடியாது. தான் கட்டிய மாடலை அவள் வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

வால்வுகளும் மாறியிருந்தன. அவள் வைத்தவை காற்று அழுத்தத்தில் தானாகத் திறந்து மூடுகிறவை. மாம்பழக்கூழ் ஃபேக்டரி பழைய பாணி, அங்கே எல்லாம் கையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இப்போது அவள் மாடல் முழுக்க அந்தச் சக்கரங்கள்தான் நின்றன.

"ரிவ்யூக்கு இந்த மாரியா போவும்?" என்று கேட்டாள்.

புத்தூர்க் கட்டுப் போட்டாலும் சேராது என்கிற அளவுக்கு ஒன்றும் உடையவில்லை. நகல் என்னிடம் இருந்தது. தனி மெஷினில் அதைப் பிரித்தேன். அவள் பெயர் இருந்தது, வால்வுகள் சரியாக இருந்தன. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தால் ஒரு சாயந்திர வேலை. ஆனால் ஓடுகிற டேட்டாபேஸில் கை வைக்க மேனேஜரின் அனுமதி வேண்டும். இருவருமாக அவர் அறைக்குப் போனோம். நகலைத் திறந்து காட்டினேன்.

திரையைப் பார்க்கவே இல்லை. "நல்ல நேரத்துல நடந்தத திருப்பக்கூடாது மேடம். அபசகுனம்."

"சார், வால்வெல்லாம் தப்பா கீது. என் பேரும் இல்ல" என்றாள் அவள்.

"வால்வ நான் பாத்துக்கறேன்மா. பேர்ல இன்னா கீது? எல்லாம் டீம் வொர்க்குதான?"

"டீம் வொர்க்குன்னா என் பேரே இருக்கட்டும் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்த மாடலைத் தன் திரையில் திறந்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் பெயர் வந்தது. அந்த முகத்தில் வந்த பூரிப்பைப் பார்த்தேன். அபசகுனமாவது ஒன்றாவது! அத்தனை பெரிய ஃபேக்டரி, மூலைக்கு மூலை தன் பெயர். வாழ்க்கையில் ஒரு குழாயை நேராக வைக்கத் தெரியாத ஆளுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும். மலையேறி முடியைக் கொடுக்கத் தெரிந்த மனுஷனுக்கு அடுத்தவள் பெயரைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை.

சென்னையில் இருக்கும் பெரிய ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். எங்கள் மேனேஜருக்கு மேலே இருக்கும் அதிகாரி எடுத்தார். முழுக்கக் கேட்டார். "உள்ளூர் விஷயம் மேடம், அவரோடயே பேசித் தீத்துக்குங்க" என்றார். தீர்ப்பு எவ்வளவு அழகு பாருங்கள். திருடினவரிடமே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அன்று பஸ்ஸில் அவள் என் டப்பாவைக் கேட்கவில்லை. பாகாலா தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அக்கா, இந்த மாசத்தோட நான் வூட்லதான்" என்றாள். அப்படி எல்லாம் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. "அந்தாளு கையில கட்டி மொளைக்க" என்று சபித்தேன். அவள் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ரிவ்யூ வரைக்கும் தினமும் அவரிடம் போய் வால்வு, வால்வு என்று சொன்னோம். அவள் எந்தெந்த வால்வு என்று குறித்தே கொடுத்தாள். "பண்ணிடறேன், பண்ணிடறேன்" என்றார். என்னத்தைப் பண்ணினார்? அவருக்கு மாடலைத் திறக்கத் தெரியும், தன் பெயரைப் பார்க்கத் தெரியும், அதோடு சரி. ரிவ்யூவுக்கு முந்தின நாள், ரீஸ்டோர் நல்லபடியாக முடிந்ததற்காக மலைக்குப் போய்விட்டார். மறுநாள் சந்தனம் மணக்கிற மொட்டைத் தலையோடு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். பெருமாள் பிரசாதம், அதன் மேல் என்ன கோபம்? வாங்கித் தின்றேன்.

ஃபேக்டரியிலிருந்து தலைமை இன்ஜினியர் வந்திருந்தார். சென்னைக்கார அம்மாள், அதிகம் பேசாதவர். பெரிய ஆபீஸ் அதிகாரி சுவரில் மாட்டிய திரையில் வீடியோவில் இருந்தார். மேனேஜர் மாடலை ஓட்டிக் காட்டினார். நானும் குடிபாலாப் பெண்ணும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கைகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

அந்த அம்மாள் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். கூரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வால்வு. அதன் சக்கரம் வானத்தைப் பார்த்து நின்றது.

"இத கையாலயா திருப்பணும்?"

"ஆமா மேடம். ரொம்ப ஸ்ட்ராங்கு."

"இது கூரைகிட்ட இருக்கு. யார் ஏறித் திருப்புவாங்க?"

மேனேஜர் யோசித்தார். "ஏணி போட்டு..." என்றார்.

"ஜூஸ் ஓடும்போது சும்மா சும்மா திறந்து மூடுற வால்வு சார் இது. அந்த ஆளு ஏணியிலயே குடியிருக்கணுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம். அம்மாள் அடுத்த வால்வுக்குப் போகச் சொன்னார். அங்கேயும் சக்கரம். அடுத்ததிலும் சக்கரம். மேனேஜரின் மொட்டையில் வியர்வை பொடித்து, சந்தனம் கோடு கோடாக இறங்கியது.

"இத டிசைன் பண்ணது யாரு?" என்று அந்த அம்மாள் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் மவுஸை வாங்கி வால்வைத் தட்டினார். உருவாக்கியவர்: மேனேஜரின் பெயர். "நீங்களா?"

அப்போது பேசினார் பாருங்கள் எங்கள் கைராசிக்காரர்.

"அய்யய்யோ, பேருதான் மேடம் என்து. வேல என்து இல்ல. ரீஸ்டோர் பண்ணச்சொல்ல என் லாகின் இருந்துச்சு, அதுல பேரு மாறிக்கிச்சு. நான் ஒரு குழா கூட போடல மேடம். மொத்தமும் அந்தப் பொண்ணு போட்டதுதான். தோ, பின்னாடி குந்தினு கீது பாருங்க."

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்ட வாய்! பழி என்றதும் அந்தப் பேர் யாருடையது என்று எவ்வளவு சுத்தமாக நினைவு வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"சார், மொத்தமும் இவங்க போட்டதா?"

"ஆமா மேடம், உங்களுக்கே தெரியுமே. சொல்லுங்க."

"ஒன்னு விடாம?"

"ஒன்னு விடாம!" என்று கையை வேறு விரித்தார்.

"கேட்டீங்களா சார்?" என்று சுவரில் இருந்த அதிகாரியைப் பார்த்துக் கேட்டேன். அவர் கேட்டுவிட்டதாகத் தலையாட்டினார். தனி மெஷினைத் திரையில் போட்டேன். "இது அந்த ரீஸ்டோருக்கு முன்னால காலையில எடுத்த நகல் மேடம். சார் சொன்ன அதே மாடல். அதே வால்வத் தட்டுங்க."

அம்மாள் தட்டினார். காற்றில் திறக்கும் வால்வு, சக்கரம் இல்லை. உருவாக்கியவர் என்ற இடத்தில் குடிபாலாப் பெண்ணின் பெயர். அடுத்ததைத் தட்டினார், அதற்கடுத்ததையும் தட்டினார். பிறகு மவுஸை வைத்துவிட்டுப் பின்வரிசையைப் பார்த்தார். "நீங்க முன்னால வந்து காட்டுங்கம்மா. எனக்கு இந்த மாடல் போதும்."

அவள் எழுந்து போனாள். முதலில் கொஞ்சம் தடுமாறினாள், பிறகு மாடலே அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. மத்தியானத்துக்குள் ரிவ்யூ தேறியது. பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்ன அதிகாரிக்குச் சுவரிலிருந்தே திடீரென்று நியாயம் பிறந்தது. மாடலை இப்போதே அந்தப் பெண்ணின் பெயருக்கு மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள் என்றார். சொந்தக்காரர்தான் மாற்ற முடியும். மேனேஜர் பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தார், நேரம் பார்க்க.

"இப்பவே சார்" என்றேன். "கைராசிக் கை, நீங்களே தட்டுங்க." தட்டினார். கேட்டலாக்கை நான் அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, என் வழியில், தேங்காய் உடைக்காமல் சரிசெய்தேன்.

அவள் இப்போது நிரந்தரம். நாயுடுபேட்டை ஃபேக்டரி கட்டி முடிந்து, போன மாதம் அந்த ப்ராஜெக்டை மூட்டை கட்டும் நாள் வந்தது. மேனேஜரின் முடி காதைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஒரு குழாய்கூடப் போடவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவர் இதற்கு எந்த முகத்தோடு மொட்டை போடுவார்? ஆனாலும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "வியாழக்கிழம காலையில மஞ்சி டைம் கீதும்மா. நானே வந்து ஸ்டார்ட் பண்ணித் தரேன்."

"வேணாம் சார். என் ப்ராஜெக்ட், நான் கட்டறேன்" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "அக்கா, சாயந்திரம் எல்லாரும் எப்போ வெளிய போறாங்க?"

சொன்னேன். மேனேஜர் அவசரமாகக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா, அப்போ வர்ஜியம். எதுனா ஆயிட்சின்னா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆயிட்சின்னா, என் பேர்லதான சார் ஆவும்" என்றாள்.